ஆள்மாற்றப் பிரிவு

எங்கள் நிலையத்தில் இரண்டு குழாய்கள் மாறிப்போனால் குழாய்களை மாற்றுவதில்லை. ஆட்களை மாற்றிவிடுவோம்.

அதற்கென்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. ஆள்மாற்றப் பிரிவு என்று கதவில் பலகை மாட்டியிருக்கிறார்கள். நான்தான் அதன் அலுவலர். என் பெயர் ஹெப்சிபா. எனக்கு ஒரு மேசை, ஒரு கணினி, வெளியூர் போய்வர ஒரு வேன். வேலை கடினமானதல்ல. ஒருவரை அவர் வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு போய் இன்னொருவர் வீட்டில் விட வேண்டும். அந்த இன்னொருவரை ஏற்றிக்கொண்டு வந்து முதலாமவர் வீட்டில் இறக்க வேண்டும். கண்ணாடி, மாத்திரை, செல்போன் சார்ஜர் இவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். காலில் போட்டிருக்கும் செருப்போடு போகலாம்.

நிலையம் சென்னைக்குத் தெற்கே, உப்பங்கழியை ஒட்டி இருக்கிறது. வட மாவட்டங்களில் உள்ள வயதுவந்தவர்கள் எல்லோருடைய இரத்தத்தையும் வாங்கி, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, எந்திரத்தில் ஏற்றி, எழுத்தெழுத்தாகப் படித்து வைப்பது எங்கள் திட்டம். எதற்கு என்று யாராவது கேட்டால், "எதிர்கால சந்ததிக்கு" என்பார் எங்கள் இயக்குநர் டாக்டர் வைகுண்டநாதன். எதிர்கால சந்ததி எதற்கு என்று யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

நாள்தோறும் பெட்டி பெட்டியாகக் குழாய்கள் வரும். எந்தக் குழாய் யாருடையது, எந்தக் குளிர்பெட்டியில் எந்தத் தட்டில் எந்தக் குழியில் இருக்கிறது, எந்திரம் அதில் என்ன படித்தது என்பதையெல்லாம் ஒரு மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. அதன் பெயர் துல்லியம். அதை விற்ற நிறுவனமே வைத்த பெயர். பிள்ளை பிறக்கும் முன்பே நீதிமான் என்று பெயர் வைப்பது மாதிரிதான்.

துல்லியத்தில் பிழை வந்தால் திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்றும். ஒன்றில் "பதிவைத் திருத்துக" என்று இருக்கும். மற்றதில் "ஆளைத் திருத்துக" என்று இருக்கும். முதல் பொத்தான் வாங்கிய நாளிலிருந்தே மங்கலாகத்தான் இருக்கிறது. அழுத்தினால் அழுந்தாது. அடுத்த பதிப்பில் வரும் என்று நிறுவனத்திலிருந்து வரும் இளைஞர் ஒவ்வொரு பதிப்பின்போதும் சொல்கிறார். இரண்டாவது பொத்தான் பச்சையாக, தொட்டவுடன் வேலை செய்யும்படி இருக்கிறது. ஆகவே அதை அழுத்துகிறோம்.

இயக்குநர் இதை எல்லாக் கூட்டங்களிலும் விளக்குவார். "தரவு நிரந்தரமானது. மனுஷன் எப்படியும் மாற்றலாகிப் போறவன்தான். நிரந்தரமானதை ஏன் தொடணும்?" கூட்டத்தில் இருக்கும் விஞ்ஞானிகள் தலையாட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேர் குழாயைக் கையால் தொட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். மீதிப் பேர் தொட்டதே இல்லை. இயக்குநர் இரண்டாம் வகை.

மாற்றப்படும் மக்கள் அனேகமாகத் தொந்தரவு கொடுப்பதில்லை. புது வீட்டில் தண்ணீர் உப்பா, பக்கத்தில் பஸ் வருமா, நாய் இருக்கிறதா என்று கேட்பார்கள். செங்கத்தில் ஒரு பஸ் நடத்துநரை ஒரு வழக்கறிஞரோடு மாற்றினோம். நடத்துநர் நீதிமன்றத்தில் நன்றாகவே வாதாடுகிறார் என்று கேள்வி. வழக்கறிஞர்தான் இன்னும் சில்லறைக்குத் தடுமாறுகிறாராம்.

அல்லிராணியின் குழாய் மாறியது மழைக்காலத்தில். அவர் ஆரணியில், எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கணவர் எப்போதோ பெங்களூரு போய் அங்கேயே தங்கிவிட்டார். விண்ணரசி என்று ஒரே மகள், பதினொன்றாம் வகுப்பு. அல்லிராணி என்று ஒட்டியிருந்த குழாயை எந்திரம் படித்தபோது உள்ளே ஓர் ஆண் இருந்தார். திண்டிவனத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் மாசிலாமணி என்று ஒட்டியிருந்த குழாயில் ஒரு பெண் இருந்தார். யார் மாற்றி ஒட்டினார்கள் என்பது துல்லியத்தில் பதிவாகவில்லை. ஆகவே யாரும் மாற்றி ஒட்டவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினேன். உத்தரவு அச்சாகி வந்தது.

ஆரணிக்குப் போனபோது அல்லிராணி ஒரு பழைய மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உத்தரவைக் கொடுத்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு படித்தார்.

"அப்ப நான் இனிமே மாசிலாமணியா?"

"ஆமாம்."

"என் பொண்ணு?"

"அவங்க அல்லிராணியோட பொண்ணு. இங்கேயே இருப்பாங்க. அல்லிராணி இன்னிக்குச் சாயந்தரம் வந்துடுவார்."

அவர் உள்ளே பார்த்தார். விண்ணரசி பள்ளிச் சீருடையில் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அவருக்குக் காயில் கட்டத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"தெரியாதுன்னு நினைக்கிறேன்."

"சோறு வடிக்கத் தெரியுமா?"

"அதுவும் உத்தரவுல இல்ல."

அல்லிராணி அழவில்லை. கட்டி முடித்த இரண்டு மோட்டார்கள் யார் யாருடையவை என்று மகளிடம் சொன்னார். கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொன்னார். பிறகு வேனில் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தார். ஊர் தாண்டும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. தாண்டியதும், "வண்டிய ஒரு நிமிஷம் நிறுத்துங்க மேடம்" என்றார். நிறுத்தினோம். இறங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். "சரி, போலாம்" என்றார்.

திண்டிவனத்தில் மாசிலாமணியின் மனைவி கற்பகவல்லி வாசலில் காத்திருந்தார். மாசிலாமணி ஏற்கெனவே பையோடு தயாராக நின்றார். ஒடிசலான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா. "இந்த உத்தரவுல முத்திரை கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு, பரவாயில்லையா?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. பரவாயில்லை என்றதும் ஏறிக்கொண்டார். கற்பகவல்லி அவருக்குக் கையசைக்கவில்லை. அல்லிராணியின் பையை வாங்கிக்கொண்டு, "வாங்க, களைச்சுப்போயிருப்பீங்க. கால் கழுவுங்க. காபி கலக்கட்டுமாங்க?" என்றார். கணவரிடம் பேசுகிற மரியாதையோடுதான் பேசினார்.

துல்லியத்தில் இரண்டு பதிவுகளும் பச்சையாயின. ஆணா பெண்ணா என்ற கட்டம் மட்டும் இரண்டிலும் சிவப்பாகவே நின்றது. அதை மறைக்க ஒரு வசதி இருந்தது. மறைத்தோம்.

மாற்றியபின் ஒருமுறை போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது வழக்கம். திண்டிவனத்தில் கற்பகவல்லி எனக்குக் கேசரி கொடுத்தார். "கல்யாணமானதுலேர்ந்து அந்த மிக்ஸி ஓடுனதே இல்ல மேடம். இவங்க வந்த மறுநாளே ஓட வச்சுட்டாங்க. மேல்தொட்டி மோட்டாரும் ஓடுது. அவரு மோட்டார் ஓடலைன்னு எழுத்துமூலமா எங்கிட்டயே மனு வாங்குவாரு." அல்லிராணி பத்திரப்பதிவு அலுவலகத்திலும் ஒழுங்காக வேலை பார்த்தார். ஆனால் மெலிந்திருந்தார். நான் கிளம்பும்போது தெருமுனை வரை கூடவே வந்தார்.

"மேடம், அவ ராத்திரி தனியா படுத்தா பயப்படுவா. லைட்ட அணைக்க மாட்டா. அந்த ஆளு கரண்டு வீணாகுதுன்னு அணைச்சுடுவாரு."

ஆரணிக்கும் போனேன். அவர் சொன்னபடியே மாசிலாமணி விளக்கை அணைத்துவிடுகிறாராம். கடையில் மோட்டார் கொண்டுவருகிறவர்களிடம் அது அவர்களுடையதுதான் என்பதற்குச் சான்று கேட்கிறார். இரண்டு சாட்சி வேண்டும் என்கிறார். ஆட்கள் வருவது நின்றுவிட்டது. அவர் நிம்மதியாகக் கல்லாவில் உட்கார்ந்து பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார். விண்ணரசி பள்ளி விட்டு வந்து தானே சின்னச் சின்ன மின்விசிறிகளுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தாள். விரல்களில் வெட்டுக் காயங்கள்.

"எங்கம்மாவ எப்ப திருப்பி விடுவீங்க?"

"இவர்தான் அம்மா."

அவள் மாசிலாமணியைப் பார்த்தாள். அவரும் கடமை உணர்ச்சியோடு அவளைப் பார்த்து, "சாப்பிட்டியா? சாப்பிடலைன்னா காரணம் என்ன?" என்று கேட்டார்.

"இந்த மாதிரிதான் தினமும் கேக்குறாரு," என்றாள் விண்ணரசி.

அல்லிராணி மறுபரிசோதனைக்கு விண்ணப்பித்தார். அது அவருடைய உரிமை. புதிதாக இரத்தம் எடுத்தோம். குழாயில் மாசிலாமணி என்று ஒட்டினோம், ஏனென்றால் இப்போது அவர் மாசிலாமணி. எந்திரம் படித்தது. முன்பு மாசிலாமணி என்ற பெயரில் இருந்த டி.என்.ஏ.வோடு ஓர் எழுத்து பிசகாமல் பொருந்தியது. அவர் மாசிலாமணிதான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதியாயிற்று. இயக்குநர் மகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா ஹெப்சி, நாம சரியா மாத்தியிருக்கோம்னு சயின்ஸே சொல்லுது" என்றார். அந்த அறிக்கையைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னார்.

முடிவைச் சொல்ல அல்லிராணிக்குப் போன் செய்தேன். 

"அப்ப ஒரே வழிதான் மேடம். மறுபடியும் மாறிப்போகணும்."

"தானா மாறினாத்தான் மாறினதா கணக்கு."

"தானா மாறுற மாதிரி நீங்க மாத்துங்க."

 போனை வைத்துவிட்டு மங்கலான பொத்தானைக் கொஞ்சநேரம் அழுத்திப் பார்த்தேன். பழக்கம்தான்.

அந்த வாரம் தலைமைச் செயலகத்திலிருந்து ஓர் உயர் அதிகாரி எங்கள் நிலையத்தைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். விஞ்ஞானிகளுக்குப் புதுக் கோட்டு கொடுத்தார்கள். ஒரு தட்டை எந்திரத்தில் ஏற்றி ஓட்டிக் காட்ட வேண்டும், படம் எடுக்க வசதியாகக் குறைவான குழிகள் போதும், ஏதாவது பழைய குழாய்களை வைத்துத் தயார் செய்யுங்கள் என்று இயக்குநர் என்னிடம் சொன்னார்.

தட்டு என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகை. அதில் வரிசையாகச் சிறு குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒருவர். கடைசி இரண்டு குழிகள் மட்டும் எப்போதும் ஒதுக்கப்பட்டவை. கடைசிக்கு முந்தைய குழியில் வெறும் தண்ணீர் வைப்போம். எந்திரம் ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்று சொல்கிறதா என்று பார்ப்பதற்கு. கடைசிக் குழியில் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒருவருடைய டி.என்.ஏ.வை வைப்போம். எந்திரம் அவரைச் சரியாக அடையாளம் கண்டால் மற்றவர்களையும் சரியாகக் காணும் என்று நம்பலாம். அந்தத் தெரிந்த ஒருவர் எங்கள் இயக்குநர். அவராகவே முன்வந்தார். "ஒவ்வொரு தட்டுலயும் நான் இருக்கேன்" என்று ஆண்டுவிழாவில் சொல்லிக் கைதட்டு வாங்குவார்.

முதல் குழிக்கு அல்லிராணி என்றும் இரண்டாவது குழிக்கு மாசிலாமணி என்றும் துல்லியத்தில் பதிந்தேன். எல்லோரும் கேன்டீனுக்குச் சாப்பிடப் போன நேரத்தில் குழாய்களைத் திறந்தேன். திண்டிவனத்தில் இருப்பவருடைய துளியை முதல் குழியில் விட்டேன். ஆரணியில் இருப்பவருடைய துளியை இரண்டாவது குழியில் விட்டேன். கடைசி இரண்டு குழிகளில் வழக்கம்போலத் தண்ணீரும் இயக்குநரும், நடுவில் ஒன்றும் வைக்கவில்லை. எந்திரம் படித்தால் இருவரும் மறுபடி மாறியிருப்பார்கள். பச்சைப் பொத்தான் வரும். வேன் இருக்கிறது.  கைகழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்று சாம்பார் சாதம்.

உயர் அதிகாரி வந்தார். இயக்குநர் புதுக் கோட்டில் தட்டைக் கையில் ஏந்தி நின்றார். படம் எடுப்பவர், "சார், நிலையத்துப் பேர் தெரியிற மாதிரி இந்தப் பக்கம் திருப்புங்க" என்றார். இயக்குநர் தட்டைத் திருப்பினார். அப்படியே எந்திரத்தில் வைத்து மூடினார். தட்டின் ஒரு முனை வெட்டுப்பட்டிருக்கும். அந்த முனை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று எந்திரத்திலேயே படம் போட்டிருக்கிறது. தட்டைத் தொட்டவர்களுக்கு அது தெரியும். எல்லோரும் கைதட்டினார்கள். விஞ்ஞானிகள் சத்தமாகவே தட்டினார்கள். நானும் தட்டினேன். அதிகாரிக்குச் சால்வை போட்டார்கள்.

மறுநாள் முடிவு வந்தது. தட்டு தலைகீழாகப் போனதால் முதல் குழி கடைசிக் குழியாகவும், இரண்டாவது குழி கடைசிக்கு முந்தைய குழியாகவும் படிக்கப்பட்டிருந்தன. ஆகவே இயக்குநர் வைகுண்டநாதன் என்ற பெயருக்கு நேரே அல்லிராணி இருந்தார். அல்லிராணி என்ற பெயருக்கு நேரே இயக்குநர் இருந்தார். தண்ணீருக்கு நேரே மாசிலாமணி இருந்தார். மாசிலாமணி என்ற பெயருக்கு நேரே ஒன்றுமில்லை, தண்ணீர்தான்.

இயக்குநர் அறைக்கு உத்தரவை எடுத்துக்கொண்டு போனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இதே மாதிரி உத்தரவில் எத்தனையோ முறை பார்க்காமலே கையெழுத்துப் போட்டவர் அவர். முதல்முறையாக முழுவதையும் படித்தார்.

"ஹெப்சி, அந்த இன்னொரு பொத்தான் ஒண்ணு இருக்கும்ல."

"அது மங்கலா இருக்கு சார்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே அப்படித்தான் சார்."

 சாஃப்ட்வேர் தப்பு செய்யாது என்று மெல்ல, யாரோ கேட்டதுபோலச் சொன்னார். கண்ணாடி, மாத்திரை, சார்ஜர் மூன்றையும் எடுத்துக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த தன் படத்தையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். விதியில் இல்லை என்றேன்.

ஆரணியில் விண்ணரசி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவரு யாரு?"

"அம்மா," என்றேன்.

"இதுவரைக்கும் இருந்த அம்மா?"

"அவர் இப்ப வேற பொறுப்புல இருக்கார்."

டாக்டர் வைகுண்டநாதன் கடைக்குள் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மோட்டார்களின் எதிர்காலம் பற்றிச் சுருக்கமாகப் பேசினார். விண்ணரசி கடைசி வரை கேட்டாள். பிறகு துடைப்பத்தைக் கொடுத்தாள். துண்டுக் கம்பிகளைக் கூட்டி ஒரு மூலையில் சேர்க்கச் சொன்னாள். அவர் இரண்டு மூலைகளில் சேர்த்தார்.

மாசிலாமணியை நிலையத்துக்கு அழைத்துவந்தோம். அவர் இப்போது தண்ணீர். தண்ணீர்ப் புட்டிகள் இருக்கும் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம். யாரும் எதுவும் கேட்பதில்லை, எந்தத் தாளும் வருவதில்லை. வாழ்க்கையில் இப்படி ஒரு பதவி இருக்கிறது என்று யாரும் தனக்கு முன்பே சொல்லவில்லையே என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார். திண்டிவனத்துக்கு மாசிலாமணியாக ஒரு லிட்டர் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கற்பகவல்லி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"முன்னாடி இருந்தவங்க நல்லவங்க. போயிட்டாங்களேன்னு இருக்கு," என்றார். புட்டியைச் சாய்வு நாற்காலியில் வைத்து, வெயில் படாமல் திரையை இழுத்துவிட்டார். "மொதல்ல இருந்தவருக்கு இவர் எவ்வளவோ தேவல."

அல்லிராணி இயக்குநரானார். முதல் நாள் எல்லா விஞ்ஞானிகளும் வரிசையில் நின்று பூங்கொத்து கொடுத்தார்கள். அவருடைய தொலைநோக்கு பற்றி ஒருவர் பேசினார். அவருக்குக் கீழே வேலை செய்ய வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே கனவு கண்டதாக இன்னொருவர் பேசினார். அல்லிராணி பூங்கொத்துகளை ஒரு வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், நான் ஆரணிக்குத்தானே போகணும்னு கேட்டேன்."

"தட்டு திரும்பிடுச்சு மேடம்." அவர் இயக்குநர் என்பதால் நானும் அவரை மேடம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இப்ப அவகூட யார் இருக்கா?"

"பழைய இயக்குநர்."

"லைட்ட அணைக்கிறாரா?"

"அணைக்கிறதில்ல. சுவிட்ச் எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியல."

அல்லிராணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெரிய மேசை. அதில் அவர் கை எட்டுகிற தூரத்தில் ஒன்றும் இல்லை. நிலையத்துக்குப் பின்னால் இயக்குநருக்கு ஒரு பங்களா உண்டு. அதில் ஐந்து அறைகள், ஒரு புல்வெளி. அங்கே சமையலறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். தன் பதிவைத் தானே தொட இயக்குநருக்கு அனுமதியில்லை. விஞ்ஞானிகளிடம் யோசனை கேட்டார். ஒரு குழு அமைக்கலாம் என்றார்கள். குழு அமைக்க ஒரு குழு வேண்டுமா என்று அவர்களுக்குள் விவாதம் நடந்தது. அவர் எழுந்து வந்துவிட்டார்.

"நான் ஒண்ணும் பெருசா கேக்கல மேடம். என் பொண்ணு எங்கூட இருக்கணும். எந்தப் பேர்ல வேணா இருந்துட்டுப் போறேன்."

நான் என் அறைக்குப் போய்த் துல்லியத்தின் கையேட்டைத் திறந்தேன். அதை விற்றவர்கள்கூடப் படித்திருக்க மாட்டார்கள். பெரிய குழாயிலிருந்து சிறு குழாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைப்பது ஆய்வகங்களில் வழக்கம். பெரிய குழாயைத் துல்லியம் "தாய்" என்று பதியும். பிரித்த குழாயை "சேய்" என்று பதியும். சேய் எப்போதும் தாய் இருக்கும் குளிர்பெட்டியிலேயே இருக்க வேண்டும். வேறு இடத்தில் இருந்தால் துல்லியம் விடாமல் மணியடித்து, உடனே தாயிடம் சேர்க்கச் சொல்லும்.

அல்லிராணியிடம் போய்ச் சொன்னேன். அவர் இரண்டாம் முறை சொல்லவிடவில்லை.

இயக்குநரின் குழாயை எடுத்துப் பிரிக்கும் எந்திரத்தில் வைத்தேன். சேயின் பெயர் என்ன என்று துல்லியம் கேட்டது. விண்ணரசி என்று தட்டச்சு செய்தேன். இருப்பிடம் என்ற கட்டத்தில் ஆரணி என்று போட்டேன். உடனே மணியடிக்கத் தொடங்கியது. உத்தரவு அச்சாகி வந்தது.

அன்று மாலையே ஆரணி போனேன். விண்ணரசி உத்தரவைப் படித்தாள். புத்தகப் பையையும் கம்பி முறுக்கும் குறட்டையும் எடுத்துக்கொண்டாள். குறடு விதியில் இல்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். டாக்டர் வைகுண்டநாதன் வாசல் வரை வந்தார். கையில் துடைப்பம் இருந்தது.

"கடைய நான் பாத்துக்கறேன்மா," என்றார்.

"ஒண்ணையும் தொடாதீங்க," என்றாள் அவள். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, சுவிட்ச் இருக்கும் இடத்தைக் காட்டினாள்.

 வழியில், அம்மா மெலிந்துவிட்டாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பங்களா வாசலில் அல்லிராணி நின்றுகொண்டிருந்தார். கார் ஓட்டுநர், தோட்டக்காரர், காவலாளி எல்லோரும் அவருக்குப் பின்னால் மரியாதையாக நின்றார்கள். விண்ணரசி இறங்கி நேராகப் போய் நின்றாள். அல்லிராணி அவள் கையைப் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்தார்.

"கையுறை போடாம கட்டுனியா?"

"போட்டா கம்பி வழுக்குது."

"வழுக்குனா வழுக்கட்டும்."

அவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் கையை விடவில்லை. கையைப் பிடித்தபடியே உள்ளே போனார்கள். சமையலறையில் இன்னொரு பாய் விரிக்கப்பட்டிருந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். வெகுநாள் கழித்து அன்று நன்றாகத் தூங்கினேன்.

காலையில் அல்லிராணி கூப்பிட்டதாகக் காவலாளி வந்து சொன்னார். போனேன். பிரிக்கும் எந்திரம் ஒரே தடவையில் எட்டுக் குழாய்களுக்குப் பிரிக்கிற வகை. எட்டுச் சேய்க்கும் விண்ணரசி என்றே பெயர் ஏறியிருந்தது. பங்களா வாசலில் மற்ற ஏழு விண்ணரசிகளும் வந்து நின்றிருந்தார்கள். எல்லோரும் அதே சீருடை, அதே இரட்டைப் பின்னல். ஒருத்திக்கு மட்டும் ரிப்பன் அவிழ்ந்திருந்தது. உள்ளேயிருந்த விண்ணரசி தட்டில் இட்லியோடு வெளியே வந்து அவர்களைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அல்லிராணி வந்தார். ரிப்பன் அவிழ்ந்தவளைக் கிட்டே கூப்பிட்டுத் திருப்பி நிறுத்தி, ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, பின்னலைப் பிரித்து மறுபடி போட ஆரம்பித்தார்.

"மேடம்," என்றார், ரிப்பனை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "கேன்டீன்ல மாவு மிச்சம் இருக்குதான்னு பாத்துட்டு வாங்க."

முதலில் வந்த விண்ணரசி படியில் உட்கார்ந்தாள். மற்றவர்களுக்கு இடம்விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

நான் கேன்டீனுக்குப் போனேன்.